விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை: புது மிடி கீபோர்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 49 கீ உள்ள மிடி கீபோர்டு ஒன்று வாங்கி, லேப்டாப்பில் செருகி, எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசைப் பதிவுப் புரோகிராமைத் திறந்தீர்கள். கீபோர்டில் விளக்கு எரிகிறது, அழுத்தினால் சத்தமில்லை. உறவுக்காரப் பையன் வந்து எதையோ மாற்றிய பிறகு ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தீர்கள். ஆனால் விரல் விழுந்து சற்று நேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. மறுநாள் அதுவும் நின்றுபோனது. தைப்பூசத்துக்குள் கோயில் பஜனைக் குழுவுக்கு நாலு காவடிப் பாட்டுக்குப் பின்னணி இசை பதிந்து முடிக்க வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள இன்னும் ஒரு வாரம்தான். கீபோர்டு பழுதா, சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "சித்தி பாடுகிற வளைவு எதுவும் இதில் வராது போலிருக்கிறதே" என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஆகவே, கீபோர்டை வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். கோயில் திருவிழாக்களில் கீபோர்டு வாசிக்க டர்பனுக்கு வந்தவன், அப்படியே அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் தங்கிவிட்டேன். வீட்டுப் பின்பக்க அறையில் பஜனைக் குழுக்களுக்குப் பதிவு செய்து கொடுத்து இருபது வருடம் ஆகிறது. "புதுக் கீபோர்டு செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் உண்மையாகவே பழுதானவை மிகக் குறைவு. உங்களுடையது ஒரு சாயங்காலம் முழுக்க வேலை செய்திருக்கிறது. அது ஒன்றே எனக்குப் போதும். மறுநாள் ஏன் நின்றது என்பதை நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு ஊகம் இருக்கிறது, வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்தக் கீபோர்டுக்குள் சத்தமே கிடையாது. கோயிலில் வாசிக்கிற கீபோர்டில் ஸ்பீக்கரும் பியானோ, புல்லாங்குழல் சத்தங்களும் உள்ளேயே இருக்கும்; இதில் அது எதுவும் இல்லை. நீங்கள் நடு ஸியை அழுத்தினால் இது கணினிக்கு மூன்று எண்களை அனுப்புகிறது: 144, 60, அப்புறம் 1 முதல் 127 வரை ஏதோ ஒரு எண். 144 என்றால் முதல் சேனலில் (மிடியின் முதல் வழியில்) ஒரு ஸ்வரம் தொடங்குகிறது என்று பொருள். 60 எந்தக் கீ என்பதைச் சொல்கிறது, கடைசி எண் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை. விரலை எடுத்தால் இன்னொரு மூன்று எண். அவ்வளவுதான். 1983-ல் வெவ்வேறு கம்பெனிகளின் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வகுத்த இந்த மொழி இன்றும் அப்படியே ஓடுகிறது. ஸ்வரம் எழுதிய தாளைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். தாள் பாடாது, அதைப் பார்த்து யாராவது பாட வேண்டும். இங்கே பாடுவது எஃப்எல் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் இன்ஸ்ட்ரூமென்ட். ஆகவே சத்தம் வரவில்லை என்றால், தாள் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் பாடுகிறவர் வாய் திறக்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவில் சேனல் ராக்கில் (இன்ஸ்ட்ரூமென்ட்கள் வரிசையாக நிற்கும் பட்டியலில்) எஃப்எல் கீஸ் போன்ற ஒரு பியானோவைச் சேர்த்து, ஸ்வரங்களை எழுதும் பியானோ ரோலைத் திறந்து, இடது ஓரத்தில் நிற்கிற கீகளை மவுஸால் அழுத்துங்கள். மவுஸால் அழுத்தினால் சத்தம் வருகிறது, கீபோர்டால் வரவில்லை என்றால் கோளாறு மிடி பக்கம். மவுஸுக்கும் வரவில்லை என்றால் கீபோர்டை மறந்துவிடுங்கள். கோளாறு ஆடியோ பக்கம், அதாவது ஸ்பீக்கர் தேர்வு, வால்யூம், டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் சின்னப் புரோகிராம்) இவற்றில் ஏதோ ஒன்று. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருகுவதால்தான் பலருக்கு ராத்திரி வீணாகிறது.

மிடி பக்கம் என்று தெரிந்தால் கேபிளிலிருந்து தொடங்குங்கள். விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. போன் சார்ஜருடன் வருகிற சில யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகும் கம்பி இருக்காது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. நான் டர்பனுக்கு வந்த புதிதில் ஒரு குழுவை உட்கார வைத்துவிட்டு, கீபோர்டு போய்விட்டது என்று நம்பி, கடன் வாங்கி இன்னொன்று வாங்கினேன். அடுத்த வாரம் பழைய கீபோர்டை வேறு கேபிளில் செருகியதும் உயிர் வந்தது. அன்றிலிருந்து நல்ல கேபிள்களுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். கீபோர்டுடன் பெட்டியில் வந்த கேபிளையே எடுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். பிறகு விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் கருவிகள் வரிசையில் உங்கள் கீபோர்டின் பெயரோ யூஎஸ்பி ஆடியோ என்ற பெயரோ புதிதாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். கேபிளைப் பிடுங்கினால் அந்தப் பெயர் மறைய வேண்டும், செருகினால் திரும்ப வர வேண்டும். இப்போது விற்கிற பெரும்பாலான சிறிய கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை.

பெயர் வந்துவிட்டால் எஃப்எல் ஸ்டுடியோவில் எஃப்10 அழுத்துங்கள், செட்டிங்ஸ் திறக்கும். மிடி பக்கத்துக்குப் போங்கள். மேலே அவுட்புட், கீழே இன்புட் என்று இரண்டு பட்டியல் இருக்கும். இன்புட் பட்டியலில் உங்கள் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து எனேபிள் என்பதை ஒளிர வையுங்கள். கண்ட்ரோலர் வகை என்று கேட்கும் இடத்தில், உங்கள் மாடலின் பெயர் இல்லையென்றால் ஜெனரிக் கண்ட்ரோலர் என்றே விடுங்கள். பலர் அவுட்புட் பட்டியலில் பெயரைப் பார்த்ததும் திருப்தியாகி மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது இன்புட். இனி ஒரு கீயை அழுத்தினால் மேல் பட்டையில் சின்ன மிடி விளக்கு மினுங்க வேண்டும். மினுங்கியும் சத்தம் இல்லையென்றால் தாள் வந்து சேர்ந்துவிட்டது, பாடுகிறவர்தான் இல்லை. எஃப்எல் ஸ்டுடியோ நீங்கள் அழுத்துவதை அப்போது தேர்வில் இருக்கும் சேனலுக்குத்தான் அனுப்பும். தேர்வில் இருப்பது ஒலி எதுவும் போடாத வெறும் சாம்ப்ளர் (நாம் போடும் ஒலித்துண்டை வாசிக்கும் சேனல்) என்றால் மௌனம்தான் கிடைக்கும். பியானோ சேனலைத் தொட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இனி மறுநாள் ஏன் நின்றது என்ற ஊகம். என் முதல் சந்தேகம், வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருப்பீர்கள். விண்டோஸ் சில சமயம் அதை இன்னொரு கருவியாக எண்ணிக்கொண்டு பெயருக்கு முன்னால் 2 என்று சேர்த்துவிடும். பையன் எனேபிள் செய்தது பழைய பெயரை. புதுப் பெயர் அணைந்தே இருக்கும். அல்லது எஃப்எல் ஸ்டுடியோவைத் திறந்த பிறகு கீபோர்டைச் செருகியிருக்கலாம். அப்போது மிடி பக்கத்தில் ரீஸ்கேன் செய்தால் பெயர் வந்துவிடும். இரண்டாவது சந்தேகம், வேறொரு புரோகிராம் கீபோர்டைப் பிடித்துவைத்திருப்பது. விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் வழிவிடும். பிரவுசரில் ஏதாவது பியானோ பழகும் பக்கம் திறந்திருந்தாலும் போதும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, கீபோர்டை முதலில் செருகி, எஃப்எல் ஸ்டுடியோவைக் கடைசியில் திறந்து பாருங்கள். இதற்கும் மசியாவிட்டால் மிடி-ஆக்ஸ் என்ற இலவசப் புரோகிராமை இறக்குங்கள். அது பாட்டு எதுவும் வாசிக்காது. வந்து விழும் எண்களை வரிசையாகக் காட்டும். நல்ல கேபிளில், எல்லாம் மூடிய நிலையில், அதிலும் ஓர் எண்கூட வரவில்லையென்றால் அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை வேண்டாம்.

அடுத்தது தாமதம். இதில் சவுண்ட் கார்டு உதவும் என்பது பாதி உண்மை. எண்கள் கேபிளில் வருவதற்கு ஆகும் நேரம் காதுக்குத் தெரியாது. தாமதம் பிறப்பது கணினி சத்தத்தை உருவாக்கி வெளியே தள்ளும் இடத்தில். கணினி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு கட்டாக அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். நொடிக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தின் மிகச் சின்னத் துண்டு) என்ற கணக்கில், 2048 சாம்பிள் பஃபர் என்றால் 46 மில்லி செகண்டு, 512 என்றால் ஏறக்குறைய 12, 256 என்றால் 6. காற்றில் சத்தம் மூன்று மீட்டர் கடக்கவே சுமார் 9 மில்லி செகண்டு ஆகும். அதாவது தவில்காரருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாடுகிறவருக்கும் அந்தத் தாமதம் இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே 256-க்கோ 512-க்கோ வந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். ஆடியோ செட்டிங்ஸில் சாதாரண விண்டோஸ் டிரைவருக்குப் பதிலாக எஃப்எல் ஸ்டுடியோ ஏசியோவை (தாமதம் குறைக்கிற ஆடியோ டிரைவரை) தேர்ந்தெடுத்து, பஃபர் நீளத்தை 512-ல் வைத்துத் தொடங்குங்கள். வாசிக்கும்போது பொரி பொரிக்கிற மாதிரி சத்தம் வந்தால் பஃபர் மிகவும் சின்னதாகிவிட்டது என்று பொருள். ஒரு படி ஏற்றுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டா வாசித்தீர்கள்? ப்ளூடூத்தில் மட்டுமே 100 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடுவது சகஜம். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அது போகாது. கம்பி உள்ள ஹெட்போன் ஒன்றைச் செருகி முதலில் பாருங்கள்; பலருக்குச் செலவே இல்லாமல் இதிலேயே சரியாகியிருக்கிறது. இன்னொன்று, நம் ஊர் மின்வெட்டு. கரண்டு போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிக்க அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்டு இருந்தபோது சுத்தமாக ஓடிய அதே பாட்டு அப்போது பொரிய ஆரம்பிக்கும். 2023-ல் ஒரு நாளில் பல தடவை முறைவைத்துக் கரண்டு நிறுத்திய லோட்ஷெடிங் காலத்தில் இதை நான் நிறையப் பார்த்தேன். பேட்டரியில் இருக்கும்போது பவர் செட்டிங்கை முழு வேகத்துக்கு மாற்றுங்கள், பஃபரை 1024-க்கு ஏற்றிக் கேட்டுத் திருத்தும் வேலையை மட்டும் செய்யுங்கள். வாசித்துப் பதிவதைக் கரண்டு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

குமிழ்களும் ஸ்லைடர்களும் எதையும் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது கோளாறே இல்லை. ஒவ்வொரு குமிழும் தனக்கென ஓர் எண்ணோடு 0 முதல் 127 வரை மதிப்பு அனுப்புகிறது. அது எதைத் திருப்ப வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். திரையில் வேண்டிய வால்யூமின்மேல் வலது கிளிக் செய்து, லிங்க் டு கண்ட்ரோலர் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீபோர்டில் குமிழைத் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் நாலு குமிழுக்கு மேல் ஒட்டாதீர்கள். சஸ்டெயின் பெடல் (காலால் அழுத்திச் சுரத்தை நீட்டுவது) வைத்திருந்தால், காலை வைக்காமல் முதலில் அதைச் செருகிவிட்டு அப்புறம் கீபோர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். பல கீபோர்டுகள் பெடலின் போக்கை அந்த நொடியில்தான் கற்றுக்கொள்கின்றன. காலை வைத்தபடி தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, சித்தி பாடும் வளைவு. சுருதியில் தொடங்குவோம். அவர் 5 கட்டையில் பாடுகிறார் என்றால் ஜி-தான் ஸட்ஜம். கீபோர்டில் இருக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டி, ஸியில் வாசித்து ஜியில் கேட்பது பலருக்குப் பழக்கம். பதிவில் அதைச் செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பொத்தான் அணைந்திருக்கும் இன்னொரு நாளில் வாசித்த ட்ராக் வேறு சுருதியில் போய் உட்காரும், எது எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜியிலேயே விரலைப் பழக்குங்கள். இன்னொரு குழப்பமும் வரும்: 60 என்ற அதே கீயை எஃப்எல் ஸ்டுடியோ ஸி5 என்று காட்டும், வேறு புரோகிராம்கள் ஸி3 அல்லது ஸி4 என்று காட்டும். பெயர்தான் மாறுகிறது, சத்தம் ஒன்றுதான்.

வளைவுக்கு இடது பக்கம் இருக்கும் பிட்ச் வீல். சாதாரணமாக அது மேலே இரண்டு அரைச்சுரம் (ஒரு கீயிலிருந்து ஒட்டிய அடுத்த கீக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்), கீழே இரண்டு அரைச்சுரம் போகும்படி வைத்திருப்பார்கள். போதாது என்று பலர் அதை 12-க்கு ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றினால் வீலின் சின்ன அசைவுக்கும் சுரம் தாவிவிடும், கமகம், அதாவது சுரத்தை அசைக்கும் அசைவு, கைக்கு அடங்காது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 கட்டையில் அது ஏ ஷார்ப். ஆனால் பாடுகிறவர் அந்தக் கீயில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுகிறார். அந்த ரிஷபம் ஜி ஷார்ப், காந்தாரத்துக்கு இரண்டு அரைச்சுரம் கீழே. மத்யமம் ஸி, இரண்டு அரைச்சுரம் மேலே. ஏ ஷார்ப்பை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கட்டைவிரலால் வீலைக் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை மெதுவாக ஆட்டினால் அந்த ஆட்டத்தின் எல்லை கச்சிதமாக உள்ளே அடங்குகிறது. ஆகவே இரண்டிலேயே விடுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் சேனலின் பிட்ச் குமிழுக்குப் பக்கத்தில் இந்த எல்லை எண் இருக்கும். வெளியிலிருந்து சேர்த்த இன்ஸ்ட்ரூமென்ட் என்றால் அதற்குள்ளேயே தனியாக ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. வீல் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும், ஒரு சுரத்தை மட்டும் தனியே வளைக்காது. ஸ-ப சுருதியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையில் ராகம் வாசித்தபடி வீலைத் தொட்டால் சுருதியும் சேர்ந்து ஆடும், கேட்கவே சகிக்காது. சுருதிக்குத் தனி சேனல், ராகத்துக்குத் தனி சேனல். ராகம் வாசிக்கும் இன்ஸ்ட்ரூமென்டில் மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), போர்ட்டமென்டோ (வழுக்கல்) இருந்தால் இரண்டையும் போடுங்கள், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். இவ்வளவு செய்தும் சித்தியின் குரலில் இருப்பது முழுக்க வராது. பிருகாக்கள், அதாவது படபடவென ஓடும் சுரக் கொத்துகள், வீலுக்கு எட்டாத வேகம். காவடிப் பாட்டில் கீபோர்டின் வேலை குரலைத் தாங்குவது. வளைவைக் குரலுக்கே விட்டுவிட்டு, இடையிசையில் மட்டும் வீலைப் பயன்படுத்தினால் நன்றாக நிற்கும். தவிலையும் உடுக்கையையும் கீபோர்டில் தட்டுவதைவிட, குழுவில் வாசிக்கிறவரையே மைக் முன் உட்கார வைப்பது எனக்கு எப்போதும் நல்ல பலன் கொடுத்திருக்கிறது.

அந்த மைக்குக்குத்தான் சவுண்ட் கார்டு வேண்டும். கீபோர்டு வாசிக்க மட்டும் என்றால் இந்த மாதம் அந்தச் செலவு தேவையில்லை. சித்தியின் குரலைப் பதியும்போது ஒரு மைக் உள்ளீடாவது உள்ள, சொந்த ஏசியோ டிரைவரோடு வருகிற சின்னக் கார்டு போதும். அதை வாங்குமுன் உங்களிடம் இருக்கும் எஃப்எல் ஸ்டுடியோ எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விலை குறைந்த பதிப்பில் குரல் பதியும் வசதி இல்லாமல் இருக்கலாம். சோதனைப் பதிப்பாக இருந்தால் இன்னும் கவனம்: சேமிக்கலாம், ஆனால் உரிமம் வாங்கும்வரை சேமித்ததைத் திரும்பத் திறந்து வேலை செய்ய முடியாது. அப்படியென்றால் ஒவ்வொரு பாட்டையும் ஒரே அமர்வில் முடித்து வேவ் ஃபைலாக வெளியே எடுத்துவிடுங்கள். ரெகார்டு அழுத்த மறந்து நன்றாக வாசித்துவிட்டால் பதற வேண்டாம். டூல்ஸ் மெனுவில் டம்ப் ஸ்கோர் லாக் என்று ஒன்று இருக்கிறது. கடைசிச் சில நிமிடம் வாசித்ததை அது பேட்டர்னில் கொண்டுவந்து கொட்டும். எத்தனையோ நல்ல இடையிசையை எனக்கு அது மீட்டுக் கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரியாகாமல் போனால் மூன்று விவரத்தோடு இங்கேயே எழுதுங்கள்: பியானோ ரோலில் மவுஸால் சத்தம் வந்ததா, கீயை அழுத்தும்போது மேலே மிடி விளக்கு மினுங்கியதா, ஆடியோ செட்டிங்ஸில் எந்த டிரைவர், பஃபர் எவ்வளவு. அதோடு சித்தி எந்தக் கட்டையில் பாடுகிறார், எந்த ராகம் என்றும் சொன்னால் வீலை எங்கே வைப்பது என்று பாட்டுவாரியாகச் சொல்கிறேன்.